நீலம் போன திரை

தம்பி,

நேற்று போனில் கல்யாண வேலைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவன், நடுவில் சும்மா கேட்பதுபோல, "செல்வராசு மாமாவுக்குப் பத்திரிக வச்சாச்சாம்மா?" என்று கேட்டாய். நான் பேச்சைப் பந்தல்காரர் பக்கம் திருப்பிவிட்டேன். கோயிலில் ஞாயிறு பூசையில் உன் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு தரம் வாசித்தாகிவிட்டது, மூன்றாவது வரும் ஞாயிறு. திட்டக்குடியில் உன் அப்பா வழிச் சொந்தம், மங்கலம்பேட்டையில் துணிக்கடைக்காரர், துபாயிலிருந்து வந்திருக்கும் அவர் தம்பி வரைக்கும் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகை கொடுத்துவிட்டேன். நம் வீட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய செல்வராசு அண்ணன் சூளைக்கு மட்டும் போகவில்லை. இன்று காலை போனேன். அங்கே நடந்ததைப் போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். இதைக் கோயிலில் மாதாமாதம் அடிக்கிற மலரிலும் போடச் சொல்லப்போகிறேன். ஊர் அறியப் பழி சொன்னவள் ஊர் அறியத்தான் எழுத வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதியையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் என்றால் ஆளுக்கு ஒன்று செய்வார்கள். ஒருவர் கரண்ட் கம்பத்துக்கு இன்சுலேட்டர், ஒருவர் ஃபியூஸ் கட்டை, ஒருவர் பொம்மை. நாம் படம் போட்ட டைல்ஸ். வீட்டு வாசலில் பெயர்ப் பலகை, மதில் சுவரில் பிள்ளையார், கோயில் வாசலில் குகை மாதிரி கட்டுகிற கெபியில் மாதா. படத்தை நான் கம்ப்யூட்டரில் திருத்தி அனுப்புவேன், வெளியூரில் ஸ்டிக்கராக அடித்து வரும், அதை நனைத்து டைல்ஸில் ஒட்டிச் சூளையில் சுட வேண்டும். அந்தச் சூளை செல்வராசு அண்ணனுடையது. உன் அப்பாவும் நானும் தொழில் தொடங்கிய நாளிலிருந்து நம் சரக்கு வேறு நெருப்பைப் பார்த்ததில்லை. எனக்குக் கூடப்பிறந்தவன் யாரும் கிடையாது. உனக்குக் காது குத்தியபோது அவர்தான் மடியில் உட்காரவைத்துக்கொண்டார். அவர் கோயிலுக்கு நாம் போவதில்லை, நம் கோயிலுக்கு அவர் வருவதில்லை, ஆனால் தாய்மாமன் என்று கேட்டால் நீ காட்டும் ஆள் அவர்தான். இந்தக் கல்யாணத்தில் அந்த இடம் காலியாகப் போய்விடுமோ என்பதுதான் இத்தனை நாள் என் நெஞ்சில் கிடந்த பாரம். காலியாகப் போனால் அதற்குக் காரணம் நான்தான்.

கம்ப்யூட்டரிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ ஆறாம் வகுப்பு முடித்த லீவில் அது வீட்டுக்கு வந்தது. பெரிய பெட்டி மாதிரி மானிட்டர். என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டேன், உனக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு ஒரு மணி நேரம். மறு வருடம் கிறிஸ்துமஸுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது நானே ஒயரையெல்லாம் பிடுங்கி, தூசு தட்டி, திரும்ப மாட்டினேன். போட்டுப் பார்த்தால் திரை முழுக்க மஞ்சள். மாதா மஞ்சள், வானம் மஞ்சள், வெள்ளைப் பக்கமெல்லாம் மஞ்சள். நீ மேசைக்குக் கீழே புகுந்து மானிட்டர் ஒயரைக் கழற்றி, அதன் வாயை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பார்த்துவிட்டு, "அம்மா, நீதான் மாத்திக் குத்திருக்கிற, ஒரு பின்னு மடங்கிப் போச்சு" என்றாய். சுண்ணாம்பு அடிக்க வந்த இரண்டு பேர் அங்கே நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்னைக் குற்றம் சொல்லிவிட்டதே என்று கன்னத்தில் ஒன்று வைத்தேன். நீ விளையாடித்தான் கெடுத்தாய் என்று உன் அப்பாவிடமும் சொன்னேன். மாட்டும்போது அது சரியாகப் போகவில்லை, அழுத்தித் தள்ளினேன் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

நீ அழுதாயா என்று நான் பார்க்கவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தபோது தீர்ந்துபோன பேனா ரீஃபில் ஒன்றின் முனையை வெட்டி, அந்தக் குழாயை மடங்கிய பின்னுக்குள் நுழைத்து, மெல்ல மெல்ல நிமிர்த்திக்கொண்டிருந்தாய். வேகமாக இழுத்தால் ஒடிந்துவிடும் என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றே வெளிச்சம்தான், நீலத்துக்கு ஒரு பின்னு, அது போனால் மிச்சம் இரண்டும் சேர்ந்து மஞ்சளாகத் தெரியும் என்று விளக்கினாய். வர்ணத்திலேயே பிழைக்கிற எனக்கு அது புதுச் செய்தி. திரையில் நீலம் திரும்பி வந்தபோது நீ என்னைப் பார்த்து, "சரியாயிடுச்சும்மா" என்று மட்டும் சொன்னாய். யார் கெடுத்தது என்ற பேச்சை அதன் பிறகு நீ எடுக்கவே இல்லை. சின்ன வயதிலேயே இவ்வளவு பக்குவமா என்று பூரித்துப்போய் அக்கம்பக்கத்திலெல்லாம் சொன்னேன். அடித்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

இனி இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. அப்பா போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது, நீ சென்னையில் ஆபீஸ் ஆபீஸாகப் போய்க் கம்ப்யூட்டர் சரிசெய்துகொண்டிருந்தாய். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் ஒரு சின்னப் பங்குக் கோயிலிலிருந்து கெபிக்கு மாதா படம் கேட்டார்கள், பன்னிரண்டு டைல்ஸ் சேர்ந்த பெரிய படம். திரையில் அங்கி மங்கலாகத் தெரிந்தது, நீலத்தைக் கூட்டினேன். முகம் பழுப்பாகத் தெரிந்தது, அங்கேயும் கொஞ்சம் கூட்டினேன். சுட்டு வந்ததைப் பார்த்தேன், எனக்கு அம்சமாக இருந்தது. பதித்து நாலு நாள் ஆகவில்லை, பங்கிலிருந்து ஆள் வந்து, மாதாவுக்கு விஷம் ஏறின மாதிரி இருக்குதுங்க என்று பயந்து பயந்து சொன்னார். உங்கள் கெபியில் டியூப்லைட் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு ஒரு பெயர்ப் பலகை திரும்பி வந்தது. பிறகு ஒரு பிள்ளையார். ஒருவர் சொன்னால் தள்ளிவிடலாம், வருகிறவர்களெல்லாம் நீலம் நீலம் என்றால் என்ன செய்வது?

நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சுடாத பச்சைச் சரக்கில் பார்க்கிற நிறம் நிறமே இல்லை. சாம்பலாகத் தெரிகிற பூச்சு சூளைக்குள் போய் நீலமாக வரும், சிவப்பென்று நம்பிப் போட்டது பழுப்பாக வரும். அதனால் இங்கே யாரும் கண்ணை நம்ப மாட்டோம், கண்ணைச் சந்தேகப்படவும் மாட்டோம். நிறத்தில் எது நடந்தாலும் ஒரே வார்த்தைதான், சூட்டுல போச்சு. கடைக்காரர்களிடம் நானும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிவிட்டது. ஒரு நாள் டீக்கடையில் நாலு பேர் நடுவில் செல்வராசு அண்ணனைப் பார்த்து, உங்கள் சூளையில் சூடு காட்டும் மீட்டர் பொய் சொல்லுகிறது, கிழடு தட்டிப்போன மீட்டரை வைத்துக்கொண்டு எங்கள் சரக்கைக் கெடுக்கிறீர்கள் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் டீயை முழுதும் குடிக்காமல் எழுந்து போனார். மறு வாரமே என் சரக்கை வேறு சூளைக்கு மாற்றினேன். என் பேச்சைக் கேட்டு இன்னும் மூன்று பேர் மாற்றினார்கள். புதுச் சூளையிலும் நீலம் தூக்கலாகவே வந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இந்தத் தொழிற்பேட்டையில் ஒருத்தனுக்கும் நெருப்பு வைக்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால்தான் எனக்குத் திரைமேலேயே சந்தேகம் வந்தது. வெள்ளைப் பக்கம் வெள்ளையாக இல்லை, டீ கொட்டிய பேப்பர் மாதிரி இருந்தது. உனக்குப் போன் போட்டு, பழையபடி மஞ்சளாயிடுச்சு, பின்னையும் பார்த்துவிட்டேன், ஒன்றும் மடங்கவில்லை என்றேன். நீ வேலை செய்கிற அழகை நான் அந்த ஒரு வாரத்தில்தான் முழுதாகப் பார்த்தேன், போனில் கேட்டதைத்தான் பார்த்தேன் என்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வாய். மாற்றிப் பார்த்து ஒன்றும் ஆகாவிட்டால் அதைப் பழையபடி வைத்த பிறகுதான் அடுத்தது. ராத்திரியில் திரையை மஞ்சளாக்குகிற செட்டிங் ஒன்று இருக்கிறதாமே, முதலில் அதைப் பார்க்கச் சொன்னாய், அணைந்துதான் இருந்தது. பிறகு ஒயரையே கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் போடச் சொன்னாய். சிக்னல் இல்லை என்று அதுவாக ஒரு எழுத்துக் காட்டியது. அந்த எழுத்து என்ன நிறம் என்றாய். அதுவும் மஞ்சள்தான் என்றேன். அப்போ கம்ப்யூட்டர் மேல தப்பு இல்லம்மா என்றாய், ஏதோ பிடித்து வைத்திருந்த ஆளை விடுதலை செய்வதுபோல.

மானிட்டரின் பக்கத்துப் பொத்தானை அமுக்கி அதன் நிறத்தையெல்லாம் வாங்கியபோது இருந்தபடி மாற்றவைத்தாய். மாறவில்லை. உன் அறையிலிருந்த மானிட்டரை பஸ்ஸில் பார்சல் போட்டு அனுப்பினாய். அதை மாட்டினேன், அதுவும் மஞ்சள். எனக்குக் கோபம் தலைக்கேறி, நல்லது ஒன்றை வாங்கி அனுப்ப வக்கில்லையா என்று உன்னிடமே கத்தினேன். நீ, "அம்மா, படம் போடாத வெள்ள டைல்ஸ் ஒண்ண எடுத்துத் திரைக்குப் பக்கத்துல புடி. எது அதிகம் வெள்ள?" என்றாய். பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்குது என்றேன். சனிக்கிழமை வரேன்ம்மா என்று சொல்லி வைத்துவிட்டாய். எனக்கு அப்போதும் புரியவில்லை. டைல்ஸுக்கு ஏது ஒயர், ஏது பின்னு, ஏது செட்டிங் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. உனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை வந்து, குளித்து, சாப்பிட்டு, என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் என் நாற்காலியிலேயே உட்காரவைத்தாய். திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்தாய். இடது கண்ணை மூடிப் பார், இப்போது வலதை மூடிப் பார் என்றாய், வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கண்ணுக்கு லேசான மஞ்சள். மற்றதற்கு நல்ல பழுப்பு. ஒரே திரை, ஒரே நேரம். மாற்றி மாற்றி மூடிப் பார்த்துவிட்டு நானேதான் சொன்னேன், டேய், இது என் கண்ணுடா என்று. நீ என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாய். ஒரு டாக்டர் சொல்லியிருந்தால் இரண்டு நாள் சண்டை போட்டிருப்பேன், நீயே வாயால் சொல்லியிருந்தால் நாலு நாள். என் வாயாலேயே சொல்லவைத்தாய். இவனை நான்தான் பெற்றேனா என்று அன்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

புதுச்சேரியில் ஒரு கண்ணுக்குப் புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் பார்த்தது, மேசைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த மாதா டைல்ஸின் மிச்சப் பிரதியை. ஆண்டவரே, அந்த முகம்! குளிரில் விறைத்துப்போன முகம். அந்த ஊர் ஜனம் இரண்டு வருடமாக அந்த முகத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்கிறது. என் கண்ணிலிருந்த மஞ்சளைச் சரிக்கட்ட நான் ஊற்றிய நீலமெல்லாம் அங்கே இருந்தது. அதைப் பார்த்த நிமிடமே செல்வராசு அண்ணன் ஞாபகம் வந்தது. அன்றே போயிருக்க வேண்டும். கண் ஆறட்டும் என்றேன், மழை விடட்டும் என்றேன், பொண்ணு பார்க்கிற வேலை என்றேன், நிச்சயம் முடியட்டும் என்றேன். உண்மையான காரணம், எந்த டீக்கடையில் கத்தினேனோ அதே டீக்கடையைத் தாண்டித்தான் சூளைக்குப் போக வேண்டும். உன் அம்மாவுக்கு வாய் நீளம், கால்தான் வரவில்லை.

நேற்று நீ கேட்ட பிறகு தூக்கம் சரியில்லை. காலையில் பத்திரிகைத் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். சூளையில் பாதி இடம் காலியாகக் கிடந்தது. செல்வராசு அண்ணன் சுட வேண்டிய சரக்கை அடுக்கிக்கொண்டிருந்தார், இரண்டு வேலையாட்கள் இருந்தார்கள். ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் மனசு சபலப்பட்டது. பிறகு அவர்கள் இருக்கும்போதே சொன்னேன்.

"அண்ணே, கோளாறு உங்க சூளையில இல்ல. என் கண்ணுல இருந்துருக்குது. தெரியாம உங்க பேரக் கெடுத்துட்டேன், தெரிஞ்சப்பறமும் வராம இருந்துட்டேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தட்டை வாங்கவில்லை.

"இத எனக்குச் சொல்ல மூணு மாசமா தங்கச்சி?" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்று மாதக் கணக்கு இவருக்கு எப்படித் தெரியும் என்று நின்றேன். அவரே சொன்னார். "அந்தச் சனிக்கிழம உம் புள்ள வூட்டுக்குக்கூட போவல, பையத் தூக்கிக்கிட்டு நேரா இங்கதான் வந்தான். 'மாமா, உங்க சூளையில ஒரு கோளாறும் இல்ல. எங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அம்மாவே வந்து சொல்லுவாங்க, அது வரைக்கும் நீங்க எதுவும் கேக்காதீங்க'ன்னு சொல்லிட்டுப் போனான். நான் கேக்கல. ஆனா தெனம் வாசலப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

தம்பி, அந்த வாசலில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். நல்ல கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது, மஞ்சள் கண்ணிலிருந்தும் வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் தட்டை வாங்கினார். பத்திரிகையைப் பிரித்து உன் பெயரையும் பொண்ணு பெயரையும் விரலால் தடவிப் படித்துவிட்டு, உங்க முறையில தாய்மாமன் என்னென்ன செய்யணும்னு அண்ணிகிட்ட வந்து சொல்லிட்டுப் போ என்றார். நான் உடனே வீட்டுக்கு வரவில்லை. என் பேச்சைக் கேட்டு அவரை விட்டுப் போன மூன்று பேரிடமும் நடந்தே போய்ச் சொன்னேன். ஒருவர் சிரித்தார், ஒருவர் திட்டினார், ஒருவர் அடுத்த வாரச் சரக்கை அங்கேயே கொடுத்துவிடுகிறேன் என்றார். டீக்கடையிலும் சொன்னேன். மாதாவைப் புதிதாகச் செய்து அந்தப் பங்குக்குக் கொண்டுபோய் என் செலவில் பதிக்கப்போகிறேன், திருத்திய ஸ்டிக்கர் முன்பே வந்து கிடக்கிறது, நாளை அவர் சூளையில்தான் ஏற்றுகிறோம்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ ஏன் அன்று அவரிடம் முதலில் போனாய்? மூன்று மாதமாக நான் வாயைத் திறக்கவில்லை என்று தெரிந்தும் ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை? நேற்றுகூட, வச்சாச்சா என்றுதானே கேட்டாய், போய் மன்னிப்புக் கேள் என்று சொல்லவில்லையே. நீ காத்திருந்த மூன்று மாதமும் அவர் சூளை பாதி காலியாக எரிந்திருக்கிறது. வழியெல்லாம் இதையே யோசித்துக்கொண்டு நடந்தேன். நீ பன்னிரண்டு வயதில் ஒரே ஒரு தரம் என் தப்பை என் முகத்துக்கு நேராகச் சொன்னாய். கன்னத்தில் வாங்கினாய். அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் நீ என்னிடம் எதையும் நேராகச் சொன்னதே இல்லை. சுற்றி வருவாய், நானே கண்டுபிடிக்கிற மாதிரி செய்வாய், எனக்கு வலிக்காமல் பார்த்துக்கொள்வாய். என் பிள்ளைக்கு என்ன பொறுமை, என்ன பக்குவம் என்று ஊரெல்லாம் பெருமை அடித்தேன். பொறுமை உன்னுடையதுதான், அதை யாரும் உன்னிடமிருந்து எடுக்க முடியாது. ஆனால் அதில் ஒரு பங்கு நான் அடித்த அடி. அன்று அடித்ததற்கு என்னை மன்னித்துவிடு.

வருகிற பெண் நல்ல பெண், கலகலவென்று பேசுகிறாள். அவளிடம் உன் சாமர்த்தியத்தையெல்லாம் காட்டாதே. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று அன்றன்றைக்கே சொல், அவள் சொன்னாலும் கேட்டுக்கொள். என்னிடமும் அப்படித்தான். எனக்கு இன்னொரு கண் பாக்கி இருக்கிறது, வயதும் ஏறிக்கொண்டே போகிறது, இனிமேல்தான் நிறையத் தப்புச் செய்வேன். அப்போது ஒயரைக் கழற்றச் சொல்லாதே, டைல்ஸைப் பிடிக்கச் சொல்லாதே. அம்மா, நீ செய்தது தப்பு என்று சொல். எனக்குக் கோபம் வரும், கத்துவேன். கத்தி முடிக்கிற வரைக்கும் போனை வைக்காமல் லைனிலேயே இரு.

அம்மா